ராயக்கோட்டை ஏத்தம் வழியா அப்பாவோட ரெண்டு நாள்: நிஜ எல்லை எங்கே இருக்கு?

பெங்களூர்_ஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தர்மபுரி, வேலை எலக்ட்ரானிக் சிட்டியில. பதினோரு வருஷமா மாசத்துக்கு ரெண்டு தடவை அதே 44ஆம் நம்பர் ரோடு. கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. தூக்கத்துல எழுப்பி விட்டாலும் ஓட்டிடுவேன்.

போன பொங்கல் முடிஞ்சு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஜூஜுவாடி தாண்டி கன்னட போர்டு தெரிஞ்சதும் "கர்நாடகா வந்துட்டோம்பா"ன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே, "அது ஆபீசுல போட்ட கோடு. நிஜ எல்லையை எப்பவோ தாண்டியாச்சு. நீ ஏசி போட்டிருந்த, உனக்குத் தெரியல"ன்னார். அப்புறம் பேச்சே இல்ல.

அப்பா சர்வே டிபார்ட்மென்டுல செயின்மேனா, அதாவது நிலம் அளக்கற சங்கிலியை இழுக்கறவரா, இருந்து ரிடையர் ஆனவர். வயசு 74. கோடு விஷயத்துல அவர்கிட்ட வாய் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வந்தும் விடாம கேட்டேன். "ராயக்கோட்டை ஏத்தம் ஏறிப் பாரு, காது சொல்லும்"னு முடிச்சிட்டார்.

டிசம்பர்ல ரெண்டு நாள் லீவு போட்டு அவரை அந்த ராயக்கோட்டைப் பழைய ரோட்டுல கூட்டிட்டுப் போகணும். தர்மபுரியில கிளம்பி தர்மபுரிக்கே திரும்பணும். எந்த வழி, என்ன பாக்கலாம், எங்க ராத்திரி தங்கலாம்? முழங்கால் வலி உண்டு, ரொம்ப மலையேற முடியாது.

ஓய்வுபெற்ற_ஸ்டியரிங்

தம்பி, உங்கப்பா சொன்னது நூத்துக்கு நூறு. 26 வருசம் பஸ் ஓட்டினவன் சொல்றேன். பாலக்கோடு, மாரண்டஅள்ளி வரைக்கும் சனங்க சட்டைப் பட்டனைக் கழட்டி விட்டுக்கினு வருவாங்க. ஏத்தம் ஆரம்பிக்கச்சொல்ல வண்டி ரெண்டாவது கியருக்கு இறங்கும், அந்தக் காலத்து வண்டியில ரேடியேட்டர் கொதிக்கும். வண்டி சூடாவும், ஆளு குளிர்வான். கண்ணாடியில பின்னால பாத்தா ஒவ்வொருத்தரா துண்டை எடுத்துக் காதைச் சுத்திக் கட்டுவாங்க. மார்கழின்னா ராயக்கோட்டை வர்றதுக்குள்ள பஸ்சு பூரா முண்டாசு. அதான் எல்லை.

இன்னொண்ணு. ஏத்தம் வரைக்கும் கண்டக்டரு தமிழ்லயே டிக்கெட் கேப்பாரு. கெலமங்கலம் பக்கம் போகச்சொல்ல "எக்கடிக்கி"ம்பாரு, தேன்கனிக்கோட்டை தாண்டினா "எல்லிகே"ம்பாரு. மூணு பாசைக்கும் ஒரே பேட்டா.

ரூட்டு சொல்றேன். மொத நாள் தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை. ரெண்டாம் நாள் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், பென்னாகரம், வீடு. அஞ்செட்டி ரோட்டுல பொழுதோட இறங்கிடணும். இருட்டினா அந்த ரோட்டுப் பக்கமே போகாத.

தகடூர்_வாத்தியார்

அருமையான கேள்வி. உங்கள் அப்பா சொன்னதற்குப் பழைய பெயர்களே சாட்சி. பழைய சேலம் மாவட்டத்தை வெள்ளைக்கார அதிகாரிகள் மூன்று படிகளாகப் பிரித்து எழுதினார்கள். சேலம், நாமக்கல் பக்கம் தாலகாட், அதாவது கணவாய்க்குக் கீழே. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் பாராமகால், நடுப்படி. ஓசூர், தேன்கனிக்கோட்டை பாலகாட், கணவாய்க்கு மேலே. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், ஓசூர் 900 மீட்டரை நெருங்கும். நெடுஞ்சாலையில் அந்த உயரம் நீட்டி இழுத்து மறைந்துவிடுகிறது. ராயக்கோட்டையில்தான் அது படியாகவே தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுத்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாய்க்கும் ஒப்புக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பணயமாக அனுப்பினார். பாராமகால் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, போயிற்று. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடமே இருந்தன. ஆக 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் இரண்டு அரசுகளின் எல்லை இந்த மேட்டில்தான். ராயக்கோட்டை கும்பினியின் கடைசிக் கோட்டை, கெலமங்கலம் திப்புவின் சீமை. இன்று நீங்கள் பைக்கில் அரை மணியில் கடக்கும் தூரம்.

ராயக்கோட்டைக்கு அத்தனை மதிப்பு ஏன் என்றால், அரிசிக்காக. 1791 மே மாதம் கும்பினிப் படையை நடத்திய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டுச் சாப்பாடு இல்லாமல் திரும்பினார். இழுவை மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, பெரிய பீரங்கிகளை அங்கேயே உடைத்துப் போட்டுவிட்டு வந்தார். கீழே ஆற்காட்டுச் சமவெளியிலிருந்து தானியம் மேலே பெங்களூருக்கு ஏற ஒரு நல்ல கணவாய் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஜூலையில் ஓசூரைப் பிடித்தார், அதே மாதம் மேஜர் கௌடி ராயக்கோட்டையை எடுத்தார். கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார்கள், மேல்கோட்டை பேச்சுவார்த்தையில் சரணடைந்தது. பிறகு இந்த வழியாகப் பொதிமாடுகள் ஏறின. அந்தப் பொதிமாட்டுக்காரர்களில் பெரும்பகுதி லம்பாடிகள்.

உங்கள் அப்பா செயின்மேன் என்று எழுதியிருந்தீர்கள். 1792இல் பாராமகாலுக்கு நிர்வாகியாக வந்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோதான் பிற்பாடு சென்னை கவர்னர். வயல் வயலாக அளந்து நேரே பயிர் செய்கிறவனிடமே வரி கேட்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. அவர் இழுத்த சங்கிலியின் முதல் கண்ணி நம்ம ஊரில் போட்டது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

கெலமங்கலத்தான்

வாத்தியாருக்கு வணக்கம். ஆனா "கெலமங்கலம் திப்புவின் சீமை"ன்னு ஒரே போடா போட்டா எப்படிங்க? ஏழு வருஷ பார்டருக்காக எங்களைக் காலத்துக்கும் மேல்நாட்டான் ஆக்கிடுவீங்க போல. ஏற்கெனவே தர்மபுரியில பொண்ணு கேட்டுப் போனா "மேலயா? குளிரு, யானை, தெலுங்கு"ன்னு மூணு காரணம் சொல்லி அனுப்பறாங்க. என் மச்சானுக்கு ரெண்டு இடம் அப்படித்தான் போச்சு.

அதுக்கு முன்னால எட்டிப் பாருங்க. ஓசூருக்குப் பழைய கல்வெட்டுல பேரு செவிடபாடி. சோழர் வந்திருக்காங்க, ஒய்சளர் வந்திருக்காங்க. சந்திரசூடேஸ்வரர் கோயில் கல்வெட்டுங்க தமிழ்லயே இருக்கு. அப்ப எல்லை எங்க இருந்துச்சு? 1956ல மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்பவும் நாங்க இந்தப் பக்கம்தான் நின்னோம். எங்க வீட்ல பேசறது தெலுங்கு, படிச்சது தமிழ், சந்தையில கன்னடம். இதுல எல்லைக்கோட்டை எங்க போடுவீங்க?

குளிர் ஆரம்பிக்கிற இடம்தான் எல்லைன்னா அது ராயக்கோட்டைக்குக் கீழயே வந்துடுது. 1792 கணக்குப்படி எல்லை ராயக்கோட்டைக்கு மேல. ஆக ஷிப்ட் தம்பியோட அப்பாவும் வாத்தியாரும் ஒரே எடத்தைச் சொல்லல. அதைக் கவனிச்சீங்களா?

தகடூர்_வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன், சரியான பிடி. படி ஏறி முடித்ததும் வாசல், வாசலில் ராயக்கோட்டை, வாசல் தாண்டி அடுத்தவன் நிலம். வாசலைக் கையில் வைத்திருப்பவன் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். 1792இல் திப்பு இழந்தது அதைத்தான். 1799 பிப்ரவரியில் வேலூர்ப் பக்கமிருந்து கிளம்பிய கும்பினி ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வந்து, மார்ச் 5ஆம் தேதி மைசூர் எல்லைக்குள் கால் வைத்தது. உங்கள் கெலமங்கலத்தில் முகாம் போட்டது. அங்கிருந்து ஆனேக்கல். மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. எல்லையில் கால் வைத்த நாளிலிருந்து சரியாக இரண்டு மாதம். அத்தனை பெரிய சேனைக்கும் பின்னால் வந்த மாட்டுக்கும் உங்கள் ஊர்க் குளங்கள் தண்ணீர் கொடுத்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மச்சானுக்கு நல்ல இடம் அமைய வாழ்த்துகள்.

கோட்டைப்_பைத்தியம்

கிருஷ்ணகிரிக் கோட்டையை விட்டுட்டு என்னங்க டூர்? சையத் பாஷா மலை. யாராலயும் பிடிக்க முடியாத கோட்டை! வெள்ளைக்காரனே தோத்து ஓடின இடம். அப்பாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க.

தகடூர்_வாத்தியார்

பாதி சரி. 1791 நவம்பரில் கும்பினிப் படையின் கர்னல் மேக்ஸ்வெல் அதைத் தாக்கினார். சில நாள் முன்புதான் அதே படை பென்னாகரக் கோட்டையைப் பிடித்திருந்தது, அந்தத் தெம்பு. கிருஷ்ணகிரியில் கீழே பேட்டையைப் பிடித்துவிட்டார்கள். தப்பி ஓடியவர்களோடு சேர்ந்து மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று ஏறினார்கள். மேலேயிருந்து பாறைகளை உருட்டி விட்டார்கள். ஏணியும் உடைந்தது, ஆளும் செத்தார்கள், இறங்கிவிட்டார்கள். பிறகு உடன்படிக்கையில் எழுதி வாங்கித்தான் கோட்டை கைமாறியது.

ஆனால் "யாராலும் முடியாத" என்று சொல்ல முடியாது. முதல் மைசூர்ப் போரில், 1768இல், நீண்ட முற்றுகைக்குப் பிறகு அதே கோட்டை கும்பினிப் படையிடம் சரணடைந்திருக்கிறது. பாறையை உருட்டலாம், பசியை உருட்ட முடியாது.

74 வயது முழங்காலுக்கு அந்த மலை வேண்டாம். ராயக்கோட்டைத் துர்கமும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

கோட்டைப்_பைத்தியம்

1768 எனக்குப் புதுசு. எங்க தாத்தா சொன்னதைத்தான் எழுதினேன். பாராமகால்னா பன்னிரண்டு கோட்டைன்னும் அவர்தான் சொல்வார். லிஸ்ட் கேட்டா ஒவ்வொரு தடவையும் வேற வேற கோட்டை சொல்வார், பன்னிரண்டு மட்டும் மாறாது.

தகடூர்_வாத்தியார்

தாத்தா மட்டுமல்ல, எழுதி வைத்தவர்களும் அப்படித்தான். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜாகடை, தட்டக்கல் என்று சில பெயர்கள் நிற்கும், மற்றவை ஆளுக்கு ஆள் மாறும். விஜயநகர அரசரிடமிருந்து இந்தச் சீமையைப் பெற்ற ஜெகதேவராயர் பெயரில்தான் ஜெகதேவி.

கல்வெட்டுக்_கிறுக்கி

கோட்டை, கும்பினி, கர்னல். இரண்டாயிரம் வருஷக் கதையில் கடைசி இருநூறு வருஷத்திலேயே எல்லாரும் சுத்திச்சுத்தி வர்றீங்க, நானும் கொஞ்சம் பேசிக்கறேன்.

இந்தப் பக்கத்துல எல்லைன்னா முதல்ல மாடுதான். பெண்ணையாத்துக் கரையிலிருந்து மேலகிரி வரைக்கும் எத்தனை நடுகல்! பெரும்பாலும் ஒரே கதை. பக்கத்து ஊர்க்காரன் மந்தையை ஓட்டிட்டுப் போறான், ஒருத்தன் மறிக்கப் போறான், மந்தை திரும்பி வருது, அவன் வரல. கல்வெட்டுல மந்தைக்குப் பேரு "தொறு". "தொறு மீட்டுப் பட்டான்", அவ்வளவுதான், ரெண்டு மூணு வரி வட்டெழுத்து. பள்ளிக்கூடத்துல வெட்சி, கரந்தைன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே, அது இங்க கல்லா நிக்குது. பல்லவன் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டு போட்ட கல்லெல்லாம் இருக்கு. பக்கத்துல செங்கம் வட்டாரத்துல, எடுத்தனூர்ல, மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு ஒண்ணு. அதுல செத்துப்போன எசமானுக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு திருடனைக் கடிச்ச நாய்க்கும் உருவம், பேரோட. கோவிவன். அந்த நாய்க்கு 1400 வருஷமா அட்ரஸ் இருக்கு.

ஷிப்ட் அண்ணா, வழியில புளியமரத்தடியில மஞ்சள் பூசி, வேல் நட்டு, "வேடியப்பன்"னு கும்பிடற கல்லைப் பாத்தா வண்டியை நிறுத்துங்க. நிறைய இடத்துல அந்த வேடியப்பன் நடுகல்தான். செருப்பைக் கழட்டிட்டு, ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டுப் படம் எடுங்க. எழுத்து தெரியணும்னு மாவு, சாக்பீஸ் தேய்க்காதீங்க, கல்லுக்குக் கெடுதி. நான் காலேஜ்ல படிக்கறப்ப அதைச் செஞ்சு ஒரு பாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன், "உங்கப்பன் முகத்துல தேய்ப்பியா"ன்னு. நியாயமான கேள்வி.

நேரம் இருந்தா தர்மபுரி மியூசியமே போதும், கிளம்பற அன்னைக்கே பாத்துடலாம். மலையேற வேண்டாம், நடுகல்லு வரிசையா நிக்கும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்புக்கு பொ.ஆ.மு. 2172ன்னு 2022ல சட்டசபையிலயே அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கா? அதியமானுக்கும் ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி இங்க ஆளு இருந்திருக்கு, இரும்பு புழங்கியிருக்கு.

கெலமங்கலத்தான்

மாடுன்னதும் ஒத்துக்கறேன் அக்கா. இப்பவும் எங்க ஊர்ச் சண்டையில பாதி மாடு, மீதி மாந்தோப்பு வேலி.

ராகிக்களி

யாருமே சாப்பாடு பேசலையே. தேன்கனிக்கோட்டையில ராத்திரி தங்கறீங்கன்னா களி கேட்டு வாங்குங்க, கூட அவரைக்கொட்டை சாறு. டிசம்பர் அவரைக்காய் சீசன். நம்ம தர்மபுரிக் களிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லம்பாங்க, இருக்கு. மேல போகப் போக உருண்டை பெருசாகும், முத்தேன்னு பேரு மாறும், மென்னு தின்னா சிரிப்பாங்க. முழுங்கணும்.

யானையும் ராகிக்குத்தான் வருது. அறுவடை சமயத்துல பன்னேர்கட்டா காட்டுல இருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைன்னு கூட்டமா இறங்கும். டிசம்பர் அதுக்கு உச்சம். அதுங்களுக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் கிடையாது. ராத்திரி பூரா பட்டாசு சத்தம் கேக்கும், அப்பா பயந்துக்கப் போறார், முன்னாடியே சொல்லி வைங்க. அஞ்செட்டி பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2014ல அறிவிச்சது. நடுவுல வண்டியை நிறுத்தி இறங்கறது, பாட்டு போடறது எல்லாம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற_ஸ்டியரிங்

கரெக்ட். ஒருக்கா அந்த ரோட்டுல முன்னால யானை, பின்னால லாரி. லைட்டை அணைச்சிட்டு நாப்பது நிமிசம். பஸ்சுல ஒரு கைக்குழந்தை, அது கூட அழல. அழுதிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

பெங்களூர்_ஷிப்ட்

எல்லாருக்கும் நன்றி. ஒகேனக்கல்ல பரிசல் உண்டா? அப்பா தண்ணியைப் பாத்தா சின்னப் புள்ள ஆயிடுவார்.

ராகிக்களி

தண்ணி அதிகமா வந்தா பரிசலுக்குத் தடை போட்டுடுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நியூஸ் பாத்துக்குங்க. டிசம்பர்ல பெரும்பாலும் ஓடும். மீனை நீங்க வாங்கிக் கொடுத்தா கரையில இருக்கற அக்காங்க மசாலா தடவி வறுத்துத் தருவாங்க. எண்ணெய் மசாஜ் முழங்காலுக்கு நல்லதுன்னு இழுப்பாங்க, 74 வயசுக்கு மெதுவா தேய்க்கச் சொல்லுங்க. போன வருஷம் ஒரு டூர் வண்டிக்காரன் "எல்லாம் சேர்த்து"ன்னு காசு வாங்கிட்டு எங்களை ரெண்டு மணி நேரத்துல கிளப்பிட்டான். மீன் வெந்துக்கிட்டு இருந்துச்சு. சொந்த வண்டியில போற புண்ணியவான் நீங்க, வேகற வரைக்கும் உக்காருங்க.

கல்வெட்டுக்_கிறுக்கி

பேரே எல்லைப் பேருதான். கன்னடத்துல ஹொகே, புகை. தமிழ்ல சொன்னா புகைக்கல். பரிசல் போற அந்தப் பாறை இடுக்குல ஒரு கரை நம்மளது, எதிர்க்கரை கர்நாடகம்.

தகடூர்_வாத்தியார்

எல்லை என்று இத்தனை பேசிவிட்டு பிலிகுண்டுலுவை விட்டுவிட்டோம். ஒகேனக்கலுக்குக் கொஞ்சம் மேலே, அஞ்செட்டி வட்டாரத்தில், காவிரிக் கரையில் ஒரு நீரளவு நிலையம். மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு விட்டது என்பது அங்கே எழுதும் எண்தான். 2007இல் நடுவர் மன்றம் வருஷத்துக்கு 192 டிஎம்சி என்றது, 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. தஞ்சாவூரில் நாற்று விடலாமா என்று யோசிக்கிறவன் பார்ப்பது இந்த எண்ணை. உங்கள் அப்பாவுக்குப் பிடித்த எல்லை இதுவாகத்தான் இருக்கும். அளவுகோல் உள்ள ஒரே எல்லை.

இதே ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு தர்மபுரிக்காரன் பல்லில் கறையோடு வளர்ந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஆழ்கிணற்று நீரில் ஃப்ளூரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது.

கோட்டைப்_பைத்தியம்

என் போட்டோல எல்லாம் வாயை மூடியே இருப்பேன். காரணம் இப்பத்தான் பப்ளிக்கா தெரியுது.

பெங்களூர்_ஷிப்ட்

போயிட்டு வந்தாச்சு. சுருக்கமா சொல்றேன், ஏன்னா நாளைக்கு மார்னிங் ஷிப்ட்.

மியூசியத்துல அப்பா ஒரு மணி நேரம் நின்னார். நடுகல்லைப் பாக்கல, ஒவ்வொண்ணும் எந்த ஊர்லருந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கற பலகையைப் பாத்து, "இந்தக் கிராமம் எனக்குத் தெரியும், ஏரிக்கரையில அளந்திருக்கேன்"னு ஊர் ஊரா சொல்லிட்டு வந்தார். வாத்தியார் சொன்ன ரீட், மன்றோ கதையை வண்டியில சொன்னேன். "சங்கிலியை வெள்ளைக்காரனா இழுத்தான்? எவனோ நம்மாளு இழுத்திருப்பான், அவன் பேரு எங்க?"ன்னார். பதில் இல்ல என்கிட்ட.

மாரண்டஅள்ளி தாண்டி ரோட்டோரம் ஒரு வேடியப்பன். நிறுத்தினோம். மூணு கல்லு, நடுக்கல்லுல வில்லும் கத்தியும் தெரியுது, எழுத்து இருந்துச்சான்னு எண்ணெய்ப் பிசுக்குல தெரியல. பூசாரி வீட்டம்மா காசு கேக்கல, படத்தை அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தாங்க.

ராயக்கோட்டையில மலையடியில நின்னோம், ஏறல. அப்பா அண்ணாந்து பாத்துட்டு, "இது மேல சர்வே கல்லு போடப் போயிருக்கேன், அப்ப வயசு இருபத்தாறு"ன்னார். இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்ல. கெலமங்கலத்துல டீ. கடைக்காரர்கிட்ட அப்பா, "இங்க முன்ன எல்லை இருந்துச்சாமே, எங்க?"ன்னார். அவர் தெலுங்குல ஏதோ சொல்லிச் சிரிச்சார். அப்பாவும் சிரிச்சார். அப்பாவுக்குத் தெலுங்கு வரும்ங்கறதும் எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

தேன்கனிக்கோட்டையில ராத்திரி பட்டாசு கேட்டுச்சு. களியை மென்னேன், சிரிச்சாங்க. அஞ்செட்டி ரோட்டுல யானை இல்ல, லத்தி மட்டும், ஆவி பறந்துச்சு. பரிசல் ஓடுச்சு. மீன் வேகற வரைக்கும் உக்காந்தோம்.

ஓய்வுபெற்ற_ஸ்டியரிங்

எல்லாம் சரி தம்பி, முக்கியமானதைச் சொல்லலையே. ஏத்தத்துல ஏசி போடாமதானே போனீங்க? அப்பா துண்டு கட்டினாரா? எந்த எடத்துல?

பெங்களூர்_ஷிப்ட்

ஏசி போடல, நாலு கண்ணாடியும் இறக்கித்தான் போனோம். ராயக்கோட்டையில இறங்கறப்ப தலையில துண்டு இருந்துச்சுங்க. எங்க கட்டினார்னு பாக்கல. முன்னால ஒரு தக்காளி லாரி, அதை ஓவர்டேக் பண்றதுலயே கண்ணு.